சிவப்பு ஆயில் விளக்கு: கேள்வி பதில்

கேள்வி: நான்குவழிச் சாலையில் போகும்போது ஆயில் கேன் வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப் பத்து கிலோமீட்டரில்தான் என்பதால் மெதுவாக ஓட்டிப் போய்விட்டேன். சரிதானா ஐயா?

பதில்: சரியில்லை. வண்டி தப்பித்திருந்தால் அது உங்கள் நல்ல நேரம். இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டை, அதைத் தாங்கும் பேரிங்கில் உரசவிடாமல் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். அழுத்தம் போனால் படலமும் போகும். பிறகு உலோகத்தை உலோகம் தின்னும். மெதுவாக ஓட்டியதும் காப்பாற்றாது. இன்ஜின் சுழற்சி குறைந்தால் பம்ப் தள்ளும் ஆயிலும் குறையும். ஓரங்கட்டி உடனே அணையுங்கள். பத்து நிமிடம் கழித்து, சமதரையில், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றி ஸ்டார்ட் செய்யலாம். சில நொடிகளில் விளக்கு அணையாவிட்டால் மறுபடியும் நிறுத்திவிட்டு இழுவை வண்டியை அழையுங்கள். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவுக்கு முன் அந்த வாடகை ஒன்றுமே இல்லை.

கேள்வி: டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருக்கிறது. மெக்கானிக் ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சை மாற்றினால் போதும் என்கிறார்.

பதில்: இருக்கலாம். ஆனால் அளந்து பார்த்துவிட்டுச் சொன்னாரா என்று கேளுங்கள். இந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. பல கார்களில் அழுத்தம் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கிய பிறகுதான் ஸ்விட்ச் விளக்கை எரியவிடும். அதாவது, அது எரியும் நேரத்தில் அழுத்தம் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. ஸ்விட்ச்சைக் கழற்றி அதே துளையில் பிரஷர் கேஜை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின் பார்க்க வேண்டும். உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்தான் கணக்கு. பொதுவாக ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ஒரு பார் அளவுக்கு இருந்து, ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க முள் ஏற வேண்டும். முள் சரியாக நின்றால் குற்றவாளி ஸ்விட்ச் அல்லது அதன் ஒயர். அதன் பிளக்கில் ஆயில் ஊறியிருந்தாலும் ஸ்விட்ச் மேல் சந்தேகப்படலாம். கேஜ் வைக்காமல் ஸ்விட்ச்சை மட்டும் மாற்றும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது மட்டும் மினுக்குகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் அணைந்துவிடுகிறது. 1,80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி.

பதில்: சூடான ஆயில் இளகிவிடும், பேரிங் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால் அந்த வழியாக வழிந்து போகும், அழுத்தம் நிற்காது. ஆயில் பம்ப் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். கடைசியாக எந்த கிரேடு ஊற்றினார்கள் என்று பில்லைப் பாருங்கள். 15W-40 கேட்கும் இன்ஜினுக்கு அதைவிட இளகலான 5W-30 போயிருந்தால் சரியான ஆயிலை ஊற்றிவிட்டு மறுபடி அளக்கலாம். கிரேடு சரியாக இருந்தும் விளக்கை அணைப்பதற்காக மட்டும் கெட்டி ஆயில் ஊற்றாதீர்கள். அடியிலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வந்தால் இனி ஓட்டவே வேண்டாம்.

கேள்வி: வேகத்தடையில் அடிப்பாகம் இடித்தது. ஆயில் ஒழுகவில்லை. இரண்டு நாளில் விளக்கு வந்துவிட்டது.

பதில்: ஒழுகாததால்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் உள்பக்கமாக நசுங்கி, ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடையான ஸ்ட்ரெய்னரின் வாயை அடைத்திருக்கும், அல்லது குழாயையே விரிசல் விடச் செய்திருக்கும். குழாயில் விரிசல் விழுந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும். சம்பைக் கழற்றிப் பார்க்காமல் இது தெரியாது. திரும்ப மாட்டும்போது ஒழுகலைத் தடுக்கும் பசையான சீலண்ட்டை அள்ளிப் பூசவிடாதீர்கள். பிதுங்கி உள்ளே விழும் துண்டுகள் அதே ஸ்ட்ரெய்னரில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு கோளாறைத் தீர்த்த கையே அடுத்ததை வைத்துவிடும்.

கேள்வி: ஃபில்டர் மாற்றியதிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்ததும் மூன்று நான்கு நொடி எரிகிறது.

பதில்: ஃபில்டருக்குள் ஆயிலைத் திரும்ப வடியவிடாமல் தடுக்கும் வால்வு சரியில்லை. நல்ல ஃபில்டராகப் பார்த்து மாற்றுங்கள்.

கேள்வி: என் காரில் சாவியைத் திருப்பும்போதுகூட அந்த விளக்கு எரிவதில்லை. நல்லதுதானே?

பதில்: இல்லை! சாவியைத் திருப்பியதும் எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். உங்கள் காரில் பல்போ, ஒயரோ, ஸ்விட்ச்சோ செத்துவிட்டது. ஆயில் முழுதும் வடிந்தாலும் உங்களுக்குத் தெரியாது. நாளைக்கே காட்டுங்கள்.