பள்ளி ரசீதில் ஜிஎஸ்டி: கட்ட வேண்டியது எது, கேள்வி கேட்க வேண்டியது எது?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு. இருவரும் ஒரே தனியார் பள்ளி. இந்த ஆண்டு பள்ளி திறந்ததும் மகனுக்கு இரண்டு ரசீது கொடுத்தார்கள். ஒன்றில் கல்விக் கட்டணம் 62,000 ரூபாய், பஸ் 18,000 ரூபாய். இன்னொன்றில் ‘ஃபவுண்டேஷன் வகுப்பு’ (நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி) 24,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 4,320 ரூபாய். பள்ளிக்கூடத்துக்கு வரியே கிடையாது என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்தில் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வரி போட்டுவிட்டார்கள், அடுத்து இங்கேதான் என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். நான் கட்டிய வரி சரியா? இனிமேல் கல்விக் கட்டணத்துக்கும் வரி வருமா? வருமான வரியில் எவ்வளவு கழித்துக்கொள்ளலாம்? மகளுக்குக் கல்விக் கட்டணம் 48,000 ரூபாய்.

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் ரசீதின் தலைப்பில் பள்ளியின் சின்னம், கீழே அறக்கட்டளையின் பெயர். ஜிஎஸ்டி எண் இல்லை. இரண்டாவதிலும் அதே சின்னம், அதே நீல முத்திரை. ஆனால் அடியில் பொடி எழுத்தில் வேறொரு பெயர், அதன் முடிவில் ‘பிரைவேட் லிமிடெட்’. உங்கள் கேள்விக்கான பதில் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

முதலில் சட்டம். 2017 ஜூன் 28 அன்று மத்திய அரசு வெளியிட்ட 12/2017 எண் அறிவிக்கையில் 66ஆவது இனம் கல்விக்கானது. மழலையர் வகுப்பு முதல் மேல்நிலை வரை கற்றுத்தரும் நிறுவனம் தன் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் அளிக்கும் சேவைகளுக்கு ஜிஎஸ்டி இல்லை என்று அது சொல்கிறது. அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா, மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கும் பள்ளியா, வருடத்துக்கு மூன்று லட்சம் வாங்கும் பள்ளியா என்ற பாகுபாடெல்லாம் அதில் இல்லை. விடுதியுடன் கூடிய பள்ளி என்றால், அந்தப் பள்ளியே போடும் சாப்பாடும் தரும் தங்குமிடமும் கல்வியோடு சேர்ந்த ஒரே சேவையாகவே எடுத்துக்கொள்ளப்படும். கட்டணம் கட்டத் தாமதமானால் போடும் அபராதத்துக்கும் வரி கிடையாது. ஆகவே 62,000 ரூபாய்க்கும், பள்ளியே தன் பெயரில் வசூலித்திருக்கும் பஸ் கட்டணத்துக்கும் வரி போடாதது சரி.

இப்போது அந்த 4,320 ரூபாய். விலக்கு ‘கல்வி நிறுவனம்’ அளிக்கும் சேவைக்குத்தான். பள்ளிப் பாடத்திட்டம் நடத்தாத, சட்டப்படி ஏற்கப்பட்ட சான்றிதழுக்குப் படிப்பிக்காத கோச்சிங் கம்பெனி இந்தச் சட்டத்தின் கண்ணில் கல்வி நிறுவனம் அல்ல. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் அது பதிவு செய்து 18 சதவீதம் வசூலித்தாக வேண்டும். வகுப்பு அதே பள்ளிக் கட்டிடத்தில், அதே பெஞ்சில், உங்கள் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் எடுக்கும் அதே ஆசிரியரால் நடந்தாலும் சரி, பில் போடுவது கம்பெனி என்றால் வரி உண்டு. இதே வகுப்பைப் பள்ளியே தன் பெயரில் நடத்தி, தன் ரசீதில் எழுதியிருந்தால், அறிவிக்கையின் வாசகப்படி அது மாணவனுக்குப் பள்ளி தரும் சேவை. உங்களிடம் வரி கேட்க இடமே இருந்திருக்காது.

அப்படியென்றால் ஏன் தனிக் கம்பெனி? பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே பள்ளிகள் பொதுவாக அறக்கட்டளையோ சங்கமோ நடத்துபவை. வருமான வரி விலக்கு வேண்டுமென்றால் அந்த அறக்கட்டளை தன் உபரியைப் பள்ளிக்கே செலவிட வேண்டும். அறங்காவலர்கள் லாபமாகப் பிரித்துக்கொள்ள முடியாது. டி.எம்.ஏ. பாய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபமும் கேபிடேஷன் கட்டணமும் (இடம் கொடுப்பதற்காகக் கட்டணத்துக்கு மேல் வாங்கும் பணம்) கூடாது என்றது. 2022 அக்டோபரில் நியூ நோபிள் கல்விச் சங்க வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. கல்வி நிறுவனம் என்ற பெயரில் வரி விலக்கு கேட்பவர்களின் நோக்கம் ‘முதன்மையாக’க் கல்வி என்றால் போதாது, கல்வி ‘மட்டுமே’ ஆக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கம்பெனிக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. லாபம் பார்க்கலாம், அதைப் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். கட்டணத்தில் ஒரு பகுதியை அறக்கட்டளையின் கையிலிருந்து கம்பெனியின் கைக்கு மாற்றிவிட்டால் அந்தப் பகுதிக்கு லாபத் தடை இல்லை. அதற்கான ஜிஎஸ்டியை மட்டும் நீங்கள் கட்டுகிறீர்கள். உங்கள் பள்ளியின் எண்ணம் இதுதான் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் இந்த அமைப்பு எனக்குப் பழக்கமானது. பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

சரி, நீங்களே சரிபார்க்க ஒரு எளிய வழி. ரசீதில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். அடுத்த பத்து எழுத்தும் எண்ணும் அந்த நிறுவனத்தின் பான். மொத்த எண்ணில் ஆறாவது எழுத்தைப் பாருங்கள். ‘சி’ (C) என்றால் கம்பெனி, ‘எஃப்’ (F) என்றால் கூட்டு நிறுவனம், ‘டி’ (T) என்றால் அறக்கட்டளை. உங்கள் ரசீதில் ‘சி’ இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், லாகின் எதுவும் இல்லாமலேயே, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். எண்ணே இல்லாமல் ‘ஜிஎஸ்டி’ என்று எழுதிக் காசு வாங்கியிருந்தால் அது நேரடிச் சட்டமீறல். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவே கூடாது. பதிவு உள்ளவர் வரி என்று வாங்கிவிட்டு அரசுக்குக் கட்டாமல் வைத்துக்கொள்ளவும் முடியாது. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால் வரி சரியா என்பதைவிட நீங்கள் பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இந்த வகுப்பு கட்டாயமா?’ என்பதுதான். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கக் கூடாது. விருப்பமில்லாதவர்களையும் சேர்த்துக் கட்டாயமாக வாங்கும் தொகை, கம்பெனி ரசீதில் வந்தாலும், கட்டணத்தைப் பின்வாசல் வழியாக ஏற்றுவதாகவே எனக்குப் படுகிறது. ‘வகுப்பு வேண்டாம்’ என்று ஒரு கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பதிலையும் எழுத்தில் கேளுங்கள். ‘விருப்பம்தான்’ என்று சொன்னால் பணம் மிச்சம். ‘கட்டாயம்’ என்று எழுதிக் கொடுத்தால் குழுவிடம் கொண்டுபோக உங்கள் கையில் சான்று இருக்கும்.

சீருடை, நோட்டுப் புத்தகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். விலக்கு சேவைக்கு மட்டும். பொருளுக்கு அந்தந்தப் பொருளின் வரி. அச்சிட்ட பாடப் புத்தகத்துக்கு என்றுமே வரியில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயான் எல்லாவற்றுக்கும் வரி பூஜ்யம். 2,500 ரூபாய் வரையிலான உடுப்புக்கும், அதே விலை வரையிலான ஒரு ஜோடி ஷூவுக்கும் 5 சதவீதம். இனி நோட்டுக்கு 12 சதவீதம் என்று பழைய பில் நீட்டினால் வாங்காதீர்கள்.

இங்கிலாந்து விஷயத்துக்கு வருவோம். ஆபீசில் சொன்னது உண்மை. பிரிட்டனில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி. 2024 ஜூலை 29க்குப் பிறகு முன்கூட்டியே கட்டி வைத்தவர்களும் தப்பவில்லை. அரசுப் பள்ளிகளுக்குக் கூடுதலாக 6,500 ஆசிரியர்களை நியமிக்க இந்தப் பணம் உதவும் என்றார்கள். கிரீஸ் 2015இல் 23 சதவீதம் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆஸ்திரேலியா இன்றும் பள்ளிக் கட்டணத்தை ஜிஎஸ்டிக்கு வெளியேதான் வைத்திருக்கிறது.

இந்தியாவில் அப்படி வரி போட வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். பிரிட்டனில் தனியார் பள்ளியில் படிப்பவர்கள் நூறில் ஆறு ஏழு பிள்ளைகள். பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். நம் நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தனியார் பள்ளியில் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகிற அம்மா சீட்டு எடுத்துக் கட்டும் கட்டணமும், நீச்சல் குளம் உள்ள பள்ளியின் கட்டணமும் நம் சட்டத்தில் ஒரே சொல்தான். 18 சதவீதம் போட்டால் முதலில் நொறுங்குவது அந்த அம்மா.

வரி வேண்டும் என்பவர்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். விலக்கு என்றால் வரியே இல்லை என்று அர்த்தமில்லை. பள்ளி வாங்கும் கம்ப்யூட்டருக்கு, சிமெண்டுக்கு, பஸ்ஸுக்கு 18 சதவீதம் கட்டுகிறது. தன் கட்டணத்துக்கு வரி இல்லாததால் அந்த வரியை இன்புட் கிரெடிட்டாக (வாங்கும்போது கட்டிய வரியை, தான் வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்வது) திரும்ப எடுக்க முடியாது. அது உங்கள் 62,000 ரூபாய்க்குள் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. கட்டணத்துக்கு வரி போட்டால் கிரெடிட் கிடைக்கும், சுமை முழுதாக ஏறாது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் ஒரு பள்ளியின் செலவில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம். சம்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, அதனால் கிரெடிட்டும் இல்லை. திரும்ப வருவது கொஞ்சம், ஏறுவது நிறைய.

குறிப்பிட்ட தொகைக்கு மேல் மட்டும் போடலாமே என்பார்கள். அதற்கு முன்மாதிரியும் உண்டு. 2022 ஜூலை 18 முதல், தீவிர சிகிச்சைப் பிரிவு தவிர, ஒரு நாளுக்கு 5,000 ரூபாயைத் தாண்டும் மருத்துவமனை அறை வாடகைக்கு 5 சதவீதம் இருக்கிறது. நாளை பள்ளிக்கும் அப்படி ஒரு கோடு கிழித்தால்? உங்கள் இரண்டு ரசீதையே பாருங்கள். ஒரு கட்டணத்தை இரண்டு பெயரில் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு நான்கு பெயரில் பிரிக்கத் தெரியாதா? கோட்டுக்குக் கீழே எல்லா ரசீதும் அடங்கிவிடும், மீதி ரொக்கமாகப் போகும். வரி போட வேண்டிய இடம் அந்த ரொக்கம். 1992 முதலே கேபிடேஷன் கட்டணத்தைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஒருவரிடம் ஒரு விஷயத்துக்காக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டமும் சொல்கிறது. இவற்றை ஒழுங்காக அமல்படுத்திவிட்டு அப்புறம் கல்விக் கட்டணத்தின் மேல் கை வைப்பதைப் பற்றிப் பேசலாம். கல்விக்கென்று நாம் ஏற்கெனவே தனியாகக் கட்டிக்கொண்டும் இருக்கிறோம்: 2004இல் 2 சதவீதமாகத் தொடங்கிய கல்வி செஸ் இன்று சுகாதாரத்தையும் சேர்த்து வருமான வரியின் மேல் 4 சதவீதம்.

கடைசியாக உங்கள் வருமான வரிக் கணக்கு. புதிய வரி முறையில் இருந்தால் பள்ளிக் கட்டணத்துக்குக் கழிவு எதுவும் இல்லை. பழைய முறையில் இருப்பவருக்கு மட்டும்தான் இந்தப் பத்தி; மனைவியும் வேலைக்குப் போகிறவர் என்றால் அவருக்கும் அப்படியே. 80சி பிரிவில் (2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் 123ஆவது பிரிவு) பி.எஃப்., எல்ஐசி எல்லாம் சேர்த்து மொத்தம் 1,50,000 ரூபாய் வரை கழிக்கலாம். அதற்குள் இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் வரும். கல்விக் கட்டணம் மட்டும்தான். பஸ், வளர்ச்சி நிதி, நன்கொடை, ஃபவுண்டேஷன் வகுப்பு, அதன் ஜிஎஸ்டி எதுவும் வராது. உங்கள் பி.எஃப். பிடித்தம் 90,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இடம் 60,000 தான். இருவர் கட்டணத்தையும் நீங்களே கட்டினால் 1,10,000இல் 50,000 வீணாகும். மகளின் 48,000 ரூபாயை மனைவி தன் கணக்கிலிருந்து கட்டி, அவருக்கும் 80சியில் இடமிருந்தால், அவர் கழித்துக்கொள்ளலாம். யார் கட்டினாரோ அவருக்குத்தான் கழிவு. அதனால் இனி அடுத்த தவணையிலிருந்து மகளின் கட்டணத்தை மனைவியின் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். கல்விக் கட்டணம் எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று பிரித்து எழுதிய சான்றிதழைப் பள்ளி அலுவலகத்தில் பிப்ரவரியிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.