வாசகர் கேள்வி – பதில்: படுவான்கரைப் பக்கம் பார்க்கும் டிஷ்

கேள்வி: 2010ஆம் ஆண்டு எங்கள் வீட்டுச் சுவரில் டிஷ் பூட்டியவர்கள், அது இன்டெல்சாட் 12 என்ற செய்மதியைப் பார்க்கிறது என்றார்கள். இப்போது படம் வருவது இன்டெல்சாட் 38இலிருந்து என்கிறார், பழுது பார்க்க வந்த தம்பி. இடையில் டிஷ்ஷை யாரும் திருப்பவில்லையே, இது எப்படி?
– வாசகி, கல்லடி

பதில்: உங்கள் டிஷ் குறிவைத்திருப்பது மத்தியகோட்டுக்கு நேர் மேலே, கிழக்கு நெடுங்கோடு 45 பாகையில், 35,786 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள ஓர் இடத்தை. அந்த உயரத்தில் சுற்றும் செய்மதி, பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடிப்பதால், நம் கண்ணுக்கு அசையாமல் நிற்பதாகவே இருக்கும். அங்கே பழையதன் இடத்துக்குப் புதியது வந்தால் சுவரிலுள்ள போல்ட்டைத் தொடத் தேவையில்லை.

நீங்கள் சொல்லும் பழைய செய்மதி பிறக்கும்போது அதன் பெயர் யூரோப் ஸ்டார் 1. அல்காடெல், லோரல் ஆகிய இரு நிறுவனங்களின் கூட்டு முயற்சிக்காகச் செய்யப்பட்டு, 2000 ஒக்டோபர் 29இல் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏரியான் 4 ரொக்கெட்டில் ஏவப்பட்டது. 2005இல் பான்அம்சாட் அதை வாங்கி பாஸ் 12 ஆக்கியது. அடுத்த ஆண்டு பான்அம்சாட்டையே இன்டெல்சாட் வாங்கிக்கொண்டதால், 2007இல் அதற்கு மூன்றாவது பெயரும் வந்தது. உரிமையாளர்கள் மாறினார்கள், 45 பாகை மாறவில்லை. 2018 செப்டம்பர் 25இல் அதே கூரூவிலிருந்து ஏரியான் 5இல் கிளம்பிய இன்டெல்சாட் 38தான் அதன் இடத்தைப் பொறுப்பேற்றது. புதியது அசர்பைஜான் நாட்டுடன் பங்குபோட்ட செய்மதி என்பதால், அசர்ஸ்பேஸ் 2 என்ற பெயரும் அதற்கு உண்டு.

ஏன் மாற்ற வேண்டும் என்றும் நீங்கள் நினைக்கக்கூடும். சூரியனும் சந்திரனும் ஓயாமல் இழுத்துக்கொண்டிருப்பதால், செய்மதி தன் இடத்தைவிட்டு நகரப் பார்க்கும். ஏறத்தாழ 75 கிலோமீற்றர் அகலமான ஒரு பெட்டிக்குள் அதைப் பிடித்து வைக்க, சிறு உந்துபொறிகளை அடிக்கடி இயக்க வேண்டும். மின்கருவிகள் நன்றாக இருந்தாலும் அதற்கான எரிபொருள் தீரும் தறுவாயில் அதன் பணிக்காலம் முடிகிறது. பெரும்பாலும் 15 ஆண்டுகளுக்கென்றே இவற்றைச் செய்கிறார்கள். ஓய்வு பெறுபவற்றை, மற்றவற்றுக்கு இடையூறில்லாமல், கடைசிச் சொட்டு எரிபொருளைக் கொண்டு சுமார் 300 கிலோமீற்றர் மேலே தள்ளிவிடுவதே வழக்கம். அந்தக் கடைசிச் சொட்டைச் செலவழிக்காமல் ஒதுக்கி வைப்பதையே நான் ஒரு நிறுவனத்தின் நேர்மைக்கு அடையாளமாகக் கருதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு துளி மழையும் இல்லை, ஆனாலும் மாரி காலத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. டிஷ் பழுதா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: பழுதல்ல. நீங்கள் இருப்பது மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில். உங்கள் டிஷ் பார்ப்பதோ மேற்கே, சற்றுத் தெற்குச் சாய்ந்து, ஏறத்தாழ 47 பாகை உயரத்தில், வாவிக்கு மேலாக, அதன் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம். செய்மதியிலிருந்து வரும் வானொலி அலைகளின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவுதான் என்பதால் கனத்த மழைத்துளிகள் அவற்றை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். மழை உருவாகும் உயரத்தை அலை கடப்பது உங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்கு உள்ளேயே நடப்பதால், முற்றம் காய்ந்திருந்தாலும் வாவிக்கு அப்பால் கொட்டும் மழை படத்தை நிறுத்தப் போதும். மழை ஓய்ந்த பின்னும் படம் திரும்பாவிட்டால் மாத்திரம், உப்புக் காற்றில் துருப்பிடித்த நட்டுகளைப் பாருங்கள். டிஷ் ஓரிரு பாகை தொங்கினாலே சமிக்ஞை குறைந்துவிடும்.

கேள்வி: மார்ச் மாதத்தில் நல்ல வெயிலில், பின்னேரம் மூன்று மணி போலச் சில நிமிடம் படம் போகிறதே?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்களுக்குச் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து நிற்கும், சூரியனின் வானொலி இரைச்சலில் மெல்லிய சமிக்ஞை அமிழ்ந்துவிடும். அதைத் தடுக்க வழியில்லை, ஆனால் ஒரு பயன் உண்டு. அந்த நிமிடங்களில் வெளியே வந்து டிஷ்ஷைப் பாருங்கள். மாமரத்தின் நிழல் அதன்மேல் விழுந்தால், செய்மதியின் பாதையை மறைப்பதும் அதே கொப்புத்தான். அதை மட்டும் வெட்டினால் போதும்.