தாலி முதலா, ரெஜிஸ்டர் முதலா?

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஒரு வக்கீல் ஆபீசில் 19 வருடம் கிராணியாக (எழுத்தராக) இருந்தவள் நான். வக்கீல் இல்லை, குடியுரிமை விண்ணப்பப் பாரங்கள் மட்டும் கையில் நிறையப் புழங்கியிருக்கின்றன. புருஷன் ஒரு நாடு, பெண்சாதி ஒரு நாடு என்றிருக்கும் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. யார் வந்தாலும் நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: பிள்ளை எங்கே பிறந்தது? அன்றைக்கு உங்கள் கல்யாணம் ரெஜிஸ்டர் ஆகியிருந்ததா?

அக்கா, என் வீட்டுக்காரர் இந்தியக் குடிமகன். எனக்கு நீல ஐசி (மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை). பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் பிரசவம். அப்பா வெளிநாட்டுக்காரர் என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாதாமே? (ஆயர் ஈத்தாம்)

யார் சொன்னது? மலேசியாவுக்குள் பிறக்கும் பிள்ளைக்கு, பிறக்கும்போது பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தாலே போதும். கல்யாணம் ரெஜிஸ்டர் ஆகியிருந்தால் அம்மாவா அப்பாவா என்ற பேச்சே இல்லை. 60 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிடுங்கள். சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) கையில் வந்ததும் 'தாராஃப் கெவார்கானெகாராஆன்' (குடியுரிமை நிலை) என்ற வரியை அந்த முகப்பிலேயே நின்று படியுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்துப் பையில் வைக்காதீர்கள்.

நான் பிறையில் ஃபேக்டரி வேலை. மனைவி இந்தோனேசியாவின் மேடான் தமிழ்ப்பெண். கோயிலில் தாலி கட்டினோம். அவள் நாட்டிலிருந்து பேப்பர் வரத் தாமதமானதால் ரெஜிஸ்டர் செய்யவில்லை. மகன் செபராங் ஜெயாவில் பிறந்தான். ஐந்து மாதம் கழித்து ரெஜிஸ்டர் செய்தோம். சூராட்டில் அப்பா என்று என் பெயர் இருக்கிறது, ஆனால் மகன் 'புக்கான் வார்கானெகாரா' (குடிமகன் அல்ல) என்று போட்டிருக்கிறது. டிஎன்ஏ எடுத்தால் சரியாகுமா?

ஆகாது தம்பி. நீங்கள்தான் அப்பா என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி நீங்கள் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டதால்தான் உங்கள் பெயரே அதில் ஏறியது. சிக்கல் வேறு. கல்யாணம் பதிவாகாமல் பிறந்த பிள்ளைக்கு, சட்டத்தில் 'அப்பா' என்று வரும் இடத்திலெல்லாம் 'அம்மா' என்று படிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை. அம்மா இந்தோனேசியர், ஆகவே பிள்ளையும் அவர் பக்கம்.

கோயிலில் ஐயர் முன்னால் கட்டிய தாலி நமக்குக் கல்யாணம். 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கும் திருமணச் சட்டத்துக்குப் பதிவுதான் கல்யாணம். சில கோயில்களில் பதிவதற்கு அதிகாரம் பெற்றவர் இருக்கிறார், எல்லாக் கோயிலிலும் இல்லை. ஐயர் நோட்டில் கையெழுத்து வாங்கினாரே என்று நம்பி ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

'பிறகுதான் ரெஜிஸ்டர் செய்துவிட்டோமே' என்பீர்கள். இதே கேள்வி கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. அப்பா மலேசியர், அம்மா பிலிப்பீன்ஸ்காரர், பிள்ளை அங்கே பிறந்தது, கல்யாணம் பிறகு. 2021 மே மாதம் 4க்கு 3 என்று பிள்ளைக்கு எதிராகத் தீர்ப்பு. பிந்திய கல்யாணம் பிள்ளையை முறையான வாரிசாக்கும், பிறந்த நாளின் குடியுரிமையை மாற்றாது என்பது அதன் சாரம். ஒரே ஒரு நீதிபதி மாறி யோசித்திருந்தால் கதையே வேறு. எனக்கு அந்தத் தீர்ப்பு இன்னமும் மனசுக்கு ஒப்பவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் பினாங்கிலுள்ள இந்தோனேசியத் துணைத் தூதரகத்தில் மகனுக்குப் பாஸ்போர்ட் எடுங்கள். நாடே இல்லாத பிள்ளையாக விடாதீர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பத்திரம் வேண்டும். அதோடு ஜேபிஎன்னில் (தேசியப் பதிவிலாகா) அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் குடியுரிமை கேட்டு மனுப் போடுங்கள். அது உள்துறை அமைச்சின் முடிவு; வருடக்கணக்கில் இழுக்கும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த பிள்ளைக்கு இந்தத் தொல்லை வராது.

இன்னும் கல்யாணம் ஆகாதவள் கேட்கிறேன். மாப்பிள்ளை வெளிநாடு. எவ்வளவு முன்னால் ரெஜிஸ்டருக்குப் போக வேண்டும்?

நோட்டீஸ் ஒட்டி 21 நாள் காத்திருக்க வேண்டும். அதற்கு முன், அவர் கல்யாணமாகாதவர் என்று அவர் நாட்டுத் தூதரகத்தின் கடிதம் வேண்டும். தாமதமாவது பெரும்பாலும் அந்தக் கடிதம்தான். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அதைக் கேட்டு எழுதிப் போடுங்கள்.

நான் கோலாலம்பூர், கணவர் சென்னை. மகள் 2021இல் சென்னையில் பிறந்தாள். சட்டத்தை மாற்றிவிட்டார்களாமே, இனிமேல் அவளும் மலேசியரா? அப்புறம், நான் மறுபடியும் முழுகாமல் இருக்கிறேன்.

மகளுக்கு அந்த மாற்றம் உதவாது. வெளிநாட்டில் பிறந்தால் அப்பா வழியில் மட்டுமே குடியுரிமை என்பதுதான் பழைய சட்டம். ஆறு அம்மாக்கள் வழக்குப் போட்டு 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. பிறகு 2024 அக்டோபர் 17 அன்று அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. அப்பா என்ற இடத்தில் பெற்றோரில் ஒருவர் என்று வந்தது. ஆனால் அது முன்தேதியிட்டுப் பொருந்தாது. அமலாகும் நாளுக்கு முன் பிறந்தவர்கள் பழையபடி 15(2) பிரிவில் மனுப் போட வேண்டும். அதற்குப் பழைய வயது வரம்பு 21. திருத்தம் அதை 18 ஆக்குகிறது. ஆகவே வளர்ந்த பிள்ளை வைத்திருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

வயிற்றில் இருப்பதற்கு: சென்னையிலேயே பிரசவம் என்றால், திருத்தம் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று அங்குள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் கேட்டு, உங்கள் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொஞ்சம் இழுபறி என்று பட்டால், விமானத்தில் ஏற்றிக்கொள்ளும் மாதத்துக்குள் அம்மா வீட்டுக்கு வந்துவிடுங்கள். இங்கே பிறந்தால் கேள்வியே இல்லை. அப்படியே இன்னொன்று: சென்னையில் நடந்த கல்யாணத்தை ஆறு மாதத்துக்குள் நம் பக்கமும் பதிந்தீர்களா?

அப்பா சிவப்பு ஐசி (நிரந்தரவாசி), அம்மா வேலை பெர்மிட். கூலிமில் பிறந்த தம்பி குடிமகனா?

பெற்றோர் ரெஜிஸ்டர் செய்தவர்கள் என்றால், ஆம். திருத்தம் அமலாகும் நாளுக்கு முன் இங்கே பிறந்த நிரந்தரவாசியின் பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு. 2024 திருத்தம் இதைத்தான் பிடுங்குகிறது, அதுவும் அந்த நாளுக்குப் பின் பிறப்பவர்களுக்கு. ஒரு கையால் அம்மாக்களுக்குக் கொடுத்து, மறு கையால் சிவப்பு ஐசிக்காரர்களிடம் எடுத்தார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும் சிவப்பு ஐசியோடே கிழவர்களானவர்கள் நம்மில் எத்தனை பேர்!

மகன் பினாங்கில் பிறந்தான், அப்பா இந்தியர். இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இரண்டு நாடுமே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியாவில் பதிவு செய்வதென்றால், பிள்ளைக்கு வேறு பாஸ்போர்ட் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மலேசியப் பாஸ்போர்ட்டோடு இந்தியாவின் ஓசிஐ அட்டை எடுங்கள். பாட்டி வீட்டுக்குப் போய்வர அது தாராளம். அது குடியுரிமை ஆகாது, விசாத் தொல்லை இல்லாத அட்டை அவ்வளவுதான்.

ஏஜென்ட் ஒருவர் 3,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் 15ஏ மனுவை மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார்.

அவரிடம் ஏற்கனவே முடித்துக் கொடுத்த ஒரு சூராட்டைக் காட்டச் சொல்லுங்கள். நானும் பார்க்க வேண்டும்.