கதை தெரிந்தவன் உங்கள் மகன்

கேள்வி: சவூதியில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு மூன்று மாதத்துக்கு முன் ஊருக்கு வந்துவிட்டேன். மகனுக்கு எட்டு வயது. என்னைக் கண்டாலே அவன் உம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறான். இப்போது போனில் ஒரு வெப் நாவல் படிக்கிறேன். ஒருத்தன் செத்துப்போய், தான் படித்த நாவலுக்குள்ளேயே, பிள்ளையை அடிக்கும் குடிகாரத் தகப்பனின் உடம்பில் கண் விழிக்கிறான். முப்பது அத்தியாயத்துக்குள் பிள்ளை அவன் மடிக்கு வந்துவிடுகிறது. அவன் செய்ததையெல்லாம் நானும் செய்து பார்த்தேன். முட்டை நூடுல்ஸ் செய்து கொடுத்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போகிறான். கதையைப் பார்த்துப் பிள்ளை வளர்ப்பது பைத்தியக்காரத்தனமா?
- ஒரு வாசகர், கீழக்கரை

தம்பி, பைத்தியக்காரத்தனமெல்லாம் இல்லை. நானும் இந்த மாதிரிக் கதைகளில் ராத்தூக்கத்தைத் தொலைத்த ஆள்தான். சீனாவில் இதை 'சுவான்ஷு' என்பார்கள், புத்தகத்துக்குள் புகுந்துவிடுவது. நமக்கு என்ன புதுசு, கூடுவிட்டுக் கூடு பாய்வதுதானே. ஆனால் திருமூலர் செத்துப்போன இடையன் மூலனின் உடம்பில் புகுந்து, அழுதுகொண்டு நின்ற மாடுகளை ஊருக்கு ஓட்டி வந்தவர், மூலனின் மனைவி வந்து நின்றதும் உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லிவிட்டு மடத்துக்குப் போய்விட்டார். உங்கள் நாவல்காரன் போகவில்லை. அந்த வீட்டிலேயே கிடந்து அரிசி களைகிறான், சட்டைக்குப் பித்தான் தைக்கிறான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அதனால்தான்.

ஆனால் அவனுக்கு இரண்டு சௌகரியம் இருக்கிறது. பிள்ளையை அடித்தது பழைய ஆள், இவன் நெஞ்சில் உறுத்தல் கிடையாது. அப்புறம், முழுக் கதையும் அவனுக்கு முன்பே தெரியும். பிள்ளைக்கு எப்போது காய்ச்சல் வரும், எதற்குப் பயப்படும், எல்லாம் படித்துவிட்டு வந்தவன்.

உங்கள் வீட்டில் கதை தெரிந்தவன் உங்கள் மகன். முதல் பல் விழுந்த அன்று கூட இருந்தது யார், எந்தப் பெருநாளைக்கு எந்தச் சட்டை, பள்ளிக்கூடத்தில் யாரோடு பேச்சில்லை, ஆறு வருட அத்தியாயங்கள் மொத்தமும் அவனிடம் இருக்கின்றன. நடுவில் புகுந்தவர் நீங்கள். போனில் 'வாப்பா, சைக்கிள் வாங்கிட்டு வாங்க' என்று கொஞ்சிய பையன்தான் இவன் என்றால், அவனுக்கு அந்தப் போனில் இருந்த வாப்பா வேறு, தினமும் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு 'இங்க வா' என்று கூப்பிடும் ஆள் வேறு. கதையில் வரும் பிள்ளைகள் பெரிய மனுஷன் மாதிரிப் பேசி மன்னித்துவிடுகிறார்கள், எழுதுகிறவருக்கு அடுத்த அத்தியாயம் போட வேண்டும் இல்லையா. எட்டு வயதுப் பையன் அப்படியெல்லாம் பேச மாட்டான்.

அதனால் சமைத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, கொஞ்ச நாள் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாயங்காலம் கடற்கரை ஜெட்டிப் பாலத்துப் பக்கம் போங்கள், நரம்புத் தூண்டிலில் இறால் துண்டைக் கோத்துக் கொடுத்துவிட்டு, எங்கே போடலாம் என்று அவனையே கேளுங்கள். ஓரா மீன் மாட்டினால் 'தொடாதீங்க, முள்ளு குத்தினா கடுக்கும்' என்று கத்துவான். கீழக்கரைக்காரருக்கு அது தெரியாதா, தெரியும். இருந்தாலும் கையை இழுத்துக்கொண்டு, எப்படிக் கழற்றுவது என்று கேளுங்கள். அவன் உம்மா வைத்திருக்கிற தூக்க நேரம், படிப்பு நேரம் எதிலும் இப்போது கை வைக்க வேண்டாம்.

உங்கள் நெஞ்சில் உறுத்தல் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். 'உனக்கு அம்மை போட்டப்ப நான் இல்லை, இருந்திருக்கணும்' என்கிற மாதிரி ஒரே வாக்கியம் போதும், சொல்லிவிட்டு அவன் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, கடிதத்தில் நீங்கள் எழுதாதது. சவூதியிலிருந்து கொண்டுவந்த பெரிய பெட்டி இப்போது எங்கே இருக்கிறது? கட்டிலுக்கு அடியில் இருந்தால் பையன் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஏற்கெனவே லீவில் வந்தபோதெல்லாம் அந்தப் பெட்டியோடுதானே கிளம்பிப் போனீர்கள். இனிப் போவதில்லை என்றால் அதைப் பரணில் ஏற்றுங்கள், ஏணியை அவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். திரும்ப விசா எடுக்கும் யோசனை இருந்தால் ஏற்ற வேண்டாம், அவனை உட்கார வைத்து அதைச் சொல்லிவிடுங்கள்.