தடுப்பூசி ஆராய்ச்சிக்குச் செல்ல விரும்பும் மகள்: கடலூர்த் தாய் ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

பிளஸ் டூவில் உயிரியலும் கணிதமும் படிக்கும் உங்கள் மகள் நீட் தேர்வு வேண்டாம் என்கிறார். ஒரு வைரஸின் பல திரிபுகளையும் தடுக்கும் தடுப்பூசிகளை வடிவமைக்கும் ஆராய்ச்சிக்கே போவேன் என்று உறுதியாக இருக்கிறார். "படித்துவிட்டு எங்கே வேலைக்குப் போவாள்?" என்று உறவினர்கள் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். மகளின் விருப்பத்தை விளையாட்டு ஆசை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாதை நீளமானது, ஆனால் அது தெளிவாகவே இருக்கிறது.

அவர் எதில் இறங்க விரும்புகிறார் என்பதை நீங்களும் அறிந்திருப்பது நல்லது. ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் ஹீமாக்ளூட்டினின் என்ற புரதம் காளானைப் போலத் தலையும் தண்டுமாக நிற்கிறது. கிருமியைப் பற்றித் தடுக்க நம் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் தலையைத்தான் பற்றுகின்றன. அந்தத் தலையோ மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு 2 முறை கூடி, வரும் பருவத்தின் தடுப்பூசியில் எந்தத் திரிபுகளைச் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. தண்டு அந்த அளவுக்கு மாறுவதில்லை. ஆகவே தண்டை மட்டும் உடலுக்கு அறிமுகப்படுத்தினால் பல திரிபுகளிலிருந்தும் பாதுகாப்புக் கிடைக்குமா என்று ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், தலையை நீக்கியதும் தண்டு தன் வடிவம் குலைந்துபோகிறது. புரதத்தைக் கட்டும் கண்ணிகளான அமினோ அமிலங்களில் எதை மாற்றினால் அது குலையாமல் நிற்கும் என்று கணினியில் கணித்து, அந்தப் புரதத்தை ஆய்வகத்தில் தயாரித்து, விலங்குகளில் சோதித்து, தவறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதே இந்தத் துறையின் அன்றாட வேலை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவன் வரதராஜனின் குழு இந்தத் தண்டுப் பகுதியில் ஆய்வு செய்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி, புரதங்களைக் கணினியில் வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்கு வழங்கப்பட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான நோய் டெங்கு. அதில் 4 வகைகள் உள்ளன. ஒரு வகையால் உண்டான எதிர்ப்பொருள், பின்னர் வேறொரு வகை தாக்கும்போது நோயைக் கடுமையாக்கவும் கூடும். பிலிப்பைன்ஸில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடப்பட்டுவந்த ஒரு டெங்கு தடுப்பூசி, அதற்குமுன் டெங்கு வராதவர்களுக்கு ஆபத்தைக் கூட்டலாம் என்று தெரியவந்ததால் 2017இல் நிறுத்தப்பட்டது. நான்கு வகைகளுக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் ஊசி ஏன் இவ்வளவு கடினம், ஏன் இவ்வளவு தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இந்த வேலை கணினிக் கணிப்பில் தொடங்குவதால் உங்கள் மகளுக்கு நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: அவர் கணிதத்தைக் கைவிடக் கூடாது. உயிரியல் மட்டும் படித்தவர்கள் இந்தத் துறையில் பாதி வழியில் தடுமாறுகிறார்கள். பட்டத்தின் பெயர் மைக்ரோபயாலஜியா, பயோகெமிஸ்ட்ரியா, பயோடெக்னாலஜியா என்பதை நான் பெரிதாகக் கருதுவதில்லை. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் இயந்திரம் உறை மூடிக் கிடக்கிறதா, மாணவர்கள் தாங்களே பிப்பெட்டை (திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) பிடித்துச் சோதனை செய்கிறார்களா, ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். கட்டடத்தின் அழகும் விளம்பரப் பலகையும் இதற்கு ஈடாகாது. திருப்பதி ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) போன்றவற்றுக்கான ஐஏடி நுழைவுத் தேர்வையும் அவர் எழுதட்டும்.

முதுகலைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் உயிர்தகவலியல் (உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் துறை) முதுகலைப் படிப்பு இருக்கிறது. சியுஇடி என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுகலைப் பிரிவு மூலம் சேரலாம். புதுச்சேரியிலேயே ஜிப்மர் மருத்துவக் கல்வி நிறுவனமும், கொசுவால் பரவும் நோய்களை 1975 முதல் ஆராய்ந்துவரும் வெக்டர் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் உள்ளன. உங்கள் மாவட்டத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

காலத்தையும் பணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இளங்கலை 3, முதுகலை 2, பிஎச்.டி. ஏறத்தாழ 5 என்று 10 ஆண்டுகள் ஆகும். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதியைப் பெற்றுவிட்டால் பிஎச்.டி.யின் முதல் 2 ஆண்டுகளில் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் சற்றுக் கூடுதலாகவும் உதவித்தொகை கிடைக்கும் (2023இல் உயர்த்தப்பட்ட தொகை இது). ஆகவே கடைசி ஐந்தாண்டுகளின் சுமை பெரும்பாலும் உங்கள் மீது விழாது. தோல்வியும் இந்தத் துறையில் சாதாரணம். எச்ஐவியின் பல திரிபுகளிலிருந்து துண்டுகளை எடுத்து இணைத்து உருவாக்கிய ஒரு தடுப்பூசியின் பெரும் சோதனை, பலன் தராததால் 2023இல் நிறுத்தப்பட்டது. அதில் உழைத்தவர்களின் திறமை அதனால் வீணாகிவிடவில்லை. முதுகலையோடு நிறுத்திக்கொண்டாலும் ஹைதராபாத், புனே தடுப்பூசி நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, மருத்துவச் சோதனை ஒருங்கிணைப்பு, நோயறிதல் ஆய்வகம் என்று வேலைகள் உண்டு. அவற்றுக்கு ஊர் விட்டுப் போக வேண்டியிருக்கும் என்பதற்கு மட்டும் நீங்கள் மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டும்.

பொதுத்தேர்வு முடிந்த விடுமுறையில் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அமெரிக்க அரசின் உயிரியல் தகவல் மையமான என்சிபிஐயின் தளத்தில் ஃப்ளூ வைரஸின் புரத வரிசைகள் (ஒவ்வோர் எழுத்தும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும்) இலவசமாகக் கிடைக்கின்றன. வெவ்வேறு ஆண்டுகளின் ஹீமாக்ளூட்டினின் வரிசைகள் சிலவற்றை அவர் பதிவிறக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி, எழுத்துகள் எங்கே மாறுகின்றன, எங்கே மாறாமல் நிற்கின்றன என்று குறித்துப் பார்க்கட்டும். அந்த வேலையில் அவர் சலிக்காமல் உட்கார்ந்திருந்தால், கல்லூரி விண்ணப்பங்களைத் தயங்காமல் நிரப்புங்கள்.