டெஸ்டர் பொய் சொல்கிறதா? – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

திருகோணமலையில் ஒரு பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்குப் பொறியியல் தொழினுட்பவியல் கற்பிக்கிறேன். மலிவான கொம்போனன்ட் டெஸ்டர் (மின்னணுப் பாகங்களை இனங்கண்டு சோதிக்கும் கருவி) பொதியொன்றை வாங்கி மாணவர்களைக் கொண்டே பொருத்துவித்தேன். வேலை செய்கிறது, ஆனால் நம்ப முடியவில்லை. மின்விசிறி ரெகுலேட்டரிலிருந்து கழற்றிய, நன்றாக இயங்கிய பிடி136 ட்ரையக்கை (மின்னோட்டத்தை ஆளும் மின்னணு ஆளி) பழுதானது என்கிறது. கணினி மின்வழங்கியிலிருந்து எடுத்த மொஸ்பெற் (ஒருவகை ட்ரான்சிஸ்டர்) ஒன்றை நல்லது என்றது. திரும்பப் பொருத்தியதும் மின்வழங்கியின் உருகி (பியூஸ்) எரிந்தது. மாரி தொடங்கிய பின், எதையும் செருகாதபோதே சில மெகா ஓம் தடையி இருப்பதாகவும் காட்டுகிறது. இதை எறிந்துவிட்டு, பொருத்தி முடித்தே விற்கும் கருவியொன்றை வாங்கலாமா?

வாசகர், உவர்மலை

அன்புள்ள ஆசிரியைக்கு,

எறிய வேண்டாம். முதல் இரண்டு முறைப்பாடுகளிலும் கருவி தன்னிடம் கேட்கப்பட்டதற்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. கேட்கப்பட்டது என்ன என்பதை மாணவர்களுக்கு விளக்குவதுதான் மிச்சமிருக்கும் பாடம்.

2009இல் மார்க்கஸ் பிரெயெக் என்ற ஜேர்மானியர் வெளியிட்ட வடிவமைப்பைக் கார்ல்-ஹைன்ஸ் கூப்லர் பின்னர் விரிவாக்கினார். இன்று மலிவாகக் கிடைக்கும் பொதிகளில் பெரும்பாலானவை அதன் பிரதிகளே. அளக்கும் வேலையைச் செய்வது நிரலில் இயங்கும் அட்மெகா328 என்ற சில்லும் ஆறு தடையிகளும் மட்டுமே. மூன்று சோதனை முனைகளில் ஒவ்வொன்றையும் சில்லு நேரடியாகவோ, 680 ஓம் அல்லது 470 கிலோ ஓம் தடையியினூடாகவோ 5 வோல்டுக்கும் பூச்சியத்துக்கும் மாறி மாறி இணைத்து, ஒவ்வொரு நிலையிலும் முனைகளின் வோல்ட்டளவை அளந்து, செருகப்பட்டது எந்தப் பாகம், அதன் எந்தக் கால் எது என்று ஊகிக்கிறது. 5 வோல்டை 680 ஓமால் வகுத்துப் பாருங்கள்: கருவி தரக்கூடிய மின்னோட்டம் ஏறத்தாழ 7 மில்லிஅம்பியர்தான்.

பிடி136இன் விவரத்தாளோ வாயிலுக்கு, அதாவது அதைத் தூண்டும் காலுக்கு, 35 மில்லிஅம்பியர் வரை தேவைப்படலாம் என்கிறது. ஒரே எண் பொறித்த இரண்டு ட்ரையக்குகளில் ஒன்றைக் கருவி இனங்கண்டு மற்றதைக் கைவிட்டாலும் வியப்பில்லை; குறைந்த ஓட்டத்திலேயே விழித்துக்கொள்பவையும் அவற்றுள் உண்டு. 12 வோல்ட் பற்றரியின் நேர் முனையிலிருந்து 5 வாற் வாகன பல்ப் ஒன்றினூடாக ட்ரையக்கின் நடுக்காலுக்கும், எண் தெரியும் பக்கம் உங்களைப் பார்த்திருக்க இடக்காலிலிருந்து எதிர் முனைக்கும் இணைப்புக் கொடுங்கள். பல்ப் எரியக்கூடாது. அதே நேர் முனையிலிருந்து 220 ஓம், 1 வாற் தடையியினூடாக வலக்காலை ஒருகணம் தொட்டால் பல்ப் எரிந்து, தொடுகையை எடுத்த பின்னும் எரிந்துகொண்டேயிருந்தால் ட்ரையக் நல்லது.

மொஸ்பெற்றின் கதை இதற்கு மறுபக்கம். 230 வோல்ட் மின்சாரத்தை நேராக்கிய பின் மின்வழங்கியின் முதற்பகுதியில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். 5 வோல்டில் ஒழுங்காகத் திறந்து மூடும் மொஸ்பெற், அந்த வோல்ட்டளவில் கசியுமா என்பதை இந்தக் கருவியால் சொல்லவே இயலாது. உருகி எரிந்ததற்குப் மின்சாரத்தை நேராக்கும் பாலத்து இருவாயிகளோ (டயோட்) பெரிய கொள்ளளவியோ காரணமாகவும் இருக்கலாம். ஆனால் மின்வழங்கியின் அந்தப் பகுதியைப் பாடசாலை மேசையில் மாணவர்கள் மின்னேற்றிப் பார்ப்பதை நான் விரும்பவில்லை. கழற்றிப் பாகம் பிரிப்பதோடு நிறுத்துங்கள்.

கருவி உண்மையிலேயே வெல்லும் இடங்கள் வேறு. மெதுவாகச் சுழலும் மின்விசிறியின் 2.5 மைக்ரோபரட் கொள்ளளவி 1.5க்கு இறங்கியிருப்பதை உடனே காட்டிவிடும். மின்பகு கொள்ளளவியொன்றின் கொள்ளளவு சரியாகவே இருந்தும் உட்தடை ஏறியிருக்கலாம்: நல்ல 1000 மைக்ரோபரட் கொள்ளளவியில் 1 ஓமின் சிறு பின்னமாக இருக்க வேண்டிய ‘ஈஎஸ்ஆர்’ என்ற அந்த உட்தடை 2, 3 ஓம் என்று வந்தால், சாதாரண மல்டிமீற்றர் அதை நல்லது என்றாலும் குப்பையில் போடலாம். பிசி547 ட்ரான்சிஸ்டருக்குப் பதிலாக சி945 போடும்போது கால்களின் ஒழுங்கு மாறுவதால் வரும் குழப்பத்தையும் தீர்த்துவைக்கும்.

மெகா ஓம் முறைப்பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பலகையிலேயே இருக்கிறது. ஈயம் பற்றவைக்கும்போது தங்கிய பிசினும், கடற்காற்றில் வந்து படியும் உப்பும் மாரி ஈரத்தை உறிஞ்சி, சோதனை முனைகளுக்கிடையே மெல்லிய கடத்தும் படலமாகின்றன. 50 மெகா ஓம் வரை அளக்கும் கருவிக்கு அந்தப் படலமே ஒரு தடையிதான். நம்மூரில் இது எல்லா மின்னணுப் பலகைகளுக்கும் உள்ள நோய். சில்லைக் கழற்றிவைத்து, ஐசோபுரொபைல் அற்ககோலும் பழைய பல் தூரிகையும் கொண்டு பாகங்களைச் செருகும் சோதனைச் செருகியின் அடிப்பக்கத்தை நன்றாகத் தேய்த்து உலரவிடுங்கள். பின்னர் மூன்று முனைகளையும் குறுஞ்சுற்றாக்கிச் சோதனைப் பொத்தானை அழுத்தி, திரை சொல்லும் ஒழுங்கில் சுய அளவுத்திருத்தத்தைச் செய்யுங்கள். சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வைத்தால் அடுத்த மாரி வரை தாங்கும்.

அடுத்த குழு இன்னொரு பொதியைப் பொருத்தும்போது, அந்த ஆறு தடையிகளையும் நிறப்பட்டையை நம்பாமல் மல்டிமீற்றரால் அளந்தே பொருத்தச் சொல்லுங்கள். அவற்றுள் ஒன்று இடம் மாறினாலும் எல்லா அளவீடும் பிசகும். சில்லைச் செருகுமுன் அதன் வெறும் செருகியில் 5 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பதையும் கட்டாயமாக்குங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கருவிகளைக் கொல்வது பெரும்பாலும் மின்னேற்றம் இறக்கப்படாத கொள்ளளவிதான். 100 மைக்ரோபரட் கொள்ளளவியை 10 கிலோ ஓம், 2 வாற் தடையியினூடாக ஐந்தாறு விநாடி இறக்கி, எஞ்சியது பூச்சியம்தானா என்று மல்டிமீற்றரில் பார்த்த பின்பே செருக வேண்டும். பெரியவற்றுக்கு அதே விகிதத்தில் நேரம் கூடும்.

பொருத்தி விற்கும் கருவிகளை விட நான் பொதியையே பரிந்துரைப்பதற்கும் இதுவே காரணம். முடித்து விற்பவற்றில் பலவற்றிலும் சில்லு பலகையோடு ஒட்டிய மேற்பரப்பு வகை. உங்களுடையதில் 28 கால் செருகியில் இருப்பதால், எரிந்தாலும் கழற்றி மாற்றலாம். ஆனால் கடையில் வாங்கும் வெற்று அட்மெகா328 எதையும் காட்டாது. நிரல் ஏற்றிய சில்லாகக் கேட்டு வாங்குங்கள். அல்லது உங்கள் பலகைக்கும் திரைக்கும் பொருந்தும் நிரல் கைவசம் இருந்தால், ஆய்வுகூடத்தில் உள்ள அர்டுயினோ பலகையைக் கொண்டு மாணவர்களே அதை ஏற்றலாம்.