வீட்டில் செய்யும் மீன் டம்ப்ளிங் ஏன் வறண்டுபோகிறது?

கேள்வி: மீன் வைத்துச் சீன டம்ப்ளிங் செய்தால் உள்ளே ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. கடையில் மட்டும் எப்படிச் சாறும் மெத்துமாக இருக்கிறது?

தண்ணீர்தான் காரணம். நீங்கள் பூரணத்தில் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டீர்கள்.

வேலைக்காகச் சீனாவின் சிங்தாவ் நகரில் இரண்டு வருடம் இருந்தேன். ஷான்டோங் மாகாணத்துக் கடற்கரை ஊர். அங்கே ஜியாவ்ஸ (நாம் டம்ப்ளிங் என்பது) என்றால் பாயூ மீன் வைத்ததுக்குத்தான் தனி மவுசு. பாயூ நம் வஞ்சிரத்தின் பங்காளி, இரண்டும் ஒரே பேரினம். வசந்த காலத்தில் மருமகன்கள் முழு பாயூவைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போவார்கள். 'பாயூ துள்ளினால் மாமனார் சிரிப்பார்' என்று சொலவடையே உண்டு.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வீட்டுக்கார அம்மா. அம்மா வயதுப் பெண்களை அங்கே 'ஆயி' என்று கூப்பிடுவார்கள், அது எனக்கு உடனே நாக்கில் ஒட்டிக்கொண்டது. முதல் தடவை நான் மீனை மிக்ஸியில் அரைத்ததைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மிக்ஸி சூட்டில் மீன் கெட்டிப்பட்டுப் போயிற்று. வெந்ததும் பந்தாகிவிட்டது.

ஆயி செய்த முறை இது. மீனை முதுகெலும்பை ஒட்டி இரண்டாகப் பிளந்து, தோல் கீழே இருக்கும்படி பலகையில் வைத்து, கரண்டியால் சதையைச் சுரண்டி எடுப்பார். தோலும் முள்ளும் பலகையிலேயே தங்கிவிடும். தோலை ஒட்டிய கருஞ்சிவப்புச் சதையையும் விட்டுவிடுங்கள், கவிச்சி அதில்தான். அரை கிலோ சதை என்றால் ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீர் போகும். ஆமாம், அவ்வளவு. ஒரு டீஸ்பூன் சிச்சுவான் மிளகை வெந்நீரில் ஊறப்போட்டு, வடிகட்டி, நன்றாகக் குளிரவைத்த தண்ணீர்.

சதையில் முதலில் உப்பைப் போட்டுக் கிளறுவேன். மீனின் புரதம் கரைந்து பசை பிடிக்க உப்பு வேண்டும், அந்தப் பசைதான் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பிறகு இரண்டு இரண்டு ஸ்பூனாகத் தண்ணீர். ஊற்றியது முழுக்க உள்ளே போன பிறகே அடுத்தது. ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும் என்பது ஆயியின் சட்டம். ஒருநாள் அவர் பார்க்காதபோது மாற்றிச் சுற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கை ஓயாமல் பத்து நிமிடம் சுற்ற வேண்டும், அதில் சலுகை கிடையாது. தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக, பளபளவென்று வரும். அப்புறம் ஒரு முட்டை வெள்ளைக்கரு, இஞ்சி, நூறு கிராம் கொத்திய பன்றிக் கொழுப்பு. பன்றி வேண்டாம் என்றால் வாசமில்லாத எண்ணெய் மூன்று ஸ்பூன் விடுங்கள், முக்கால்வாசி சுவை வரும்.

கடைசியில் அங்கே சேர்ப்பது பூண்டு வாசமுள்ள, தட்டை இலை கொண்ட ஒரு கீரை. சென்னையில் நான் வெங்காயத்தாளை வைத்துச் சமாளிக்கிறேன். எதுவானாலும் முதலில் நல்லெண்ணெயில் பிரட்டிவிட்டு, மடிப்பதற்குச் சற்று முன் சேருங்கள். இல்லாவிட்டால் உப்பு பட்டு நீர் விட்டுவிடும். ஒரு எச்சரிக்கை: சீன நல்லெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, வாசம் தூக்கலாக இருக்கும். நம்முடையது அதற்கு ஈடாகாது.

மேல்மாவு பெரிய விஷயமில்லை. மைதாவின் எடையில் பாதி பச்சைத்தண்ணீர், பிசைந்து அரைமணி நேரம் மூடி வையுங்கள். ஓரம் மெலிதாக, நடு தடிப்பாகத் தேய்த்தால் போதும். சோமாசி மடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது விளையாட்டு. (கண்ணாடி மாதிரி தெரியும் கான்டனீஸ் இறால் டம்ப்ளிங் வேறு கதை. அதற்குக் கோதுமை ஸ்டார்ச்சில் கொதிநீர் ஊற்றிக் கிளற வேண்டும், கிட்டத்தட்ட நம் கொழுக்கட்டை மாவு வேலை.)

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, அடியில் ஒட்டாமல் கரண்டியின் முதுகால் மெல்லத் தள்ளிவிடுங்கள். மறுபடி பொங்கும்போது ஒரு கப் பச்சைத்தண்ணீர். இப்படி மூன்று முறை. மேலே மிதந்து, வயிறு உப்பினால் எடுத்துவிடலாம். தொட்டுக்கொள்ள கறுப்பு வினிகரும் நசுக்கிய பூண்டும். சோயா சாஸில் முக்கினால் மீன் வாசமே போய்விடும்.

வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் ஆயி அதையே கிண்ணத்தில் ஊற்றித் தருவார், நம் வடிகஞ்சி மாதிரி.